முனிக்குக் கட்டங்காப்பி: பீடோங்கில் ஆறு நாள்

முதல் நாள், வெள்ளி

கோலாலம்பூரில் காலை ரயில் ஏறி மதியம் சுங்கைப் பட்டாணியில் இறங்கினேன். மாமா காரோடு நின்றிருந்தார். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் பீடோங், மலேசியாவின் கெடா மாநிலத்து ஊர். இடது கைப்பக்கம் ஜெராய் மலை தலையில் மேகத்தோடு கூடவே வந்தது. 1,217 மீட்டர்தான் உயரம். ஆனால் சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் இன்னும் ஓங்கித் தெரியும். வங்கக் கடலைத் தாண்டி வந்த பழைய கப்பல்காரர்களுக்குக் கரை தெரிவதற்கு முன்பே இந்த மலை தெரிந்துவிடும். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு வரும்போது அம்மாவும் இதைப் பார்த்துத்தான், "மலை வந்துடுச்சு, செருப்பைப் போடு" என்பார்.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். அம்மா பிறந்த ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு அடுத்த ஆண்டு குடமுழுக்கு. விழா மலர் ஒன்று போடுகிறார்கள். அதில் நான்கு பக்கத்துக்குத் தல வரலாறு எழுதித் தரும்படி கமிட்டித் தலைவர் மாமா மூலமாகக் கேட்டிருந்தார். பல வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சாமிக் கதைகளைக் கேட்டு எழுதி வருகிறேன். ஆனால் அம்மா வீட்டு முனியின் கதையை ஒருமுறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. அதனால் உடனே சரி என்றேன். ஆறு நாள் தங்குகிறேன். அன்றன்றைக்குக் கேட்டதை இரவில் எழுதிப் போடுகிறேன்.

மாலையில் கோயிலுக்குப் போனோம். கித்தா (ரப்பர்) மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் நான்கைந்து சிமெண்டுப் படிக்கட்டுகள் மட்டும் புல்லுக்குள் கிடக்கின்றன. ஏறிப் போக வீடு இல்லாத படிகள். சனங்கள் பீடோங் தாமான்களுக்கு (புதிய குடியிருப்புகளுக்கு) குடிபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளிக்கிழமை மோட்டாரில் வந்து விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அரச மரத்தடியில் தகரக் கூரை. உள்ளே பெரிய மீசையோடு முனி, கையில் அரிவாள், பக்கத்தில் வெள்ளைக் குதிரை.

சூலத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் சுருட்டும் இருந்தன. பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளரில் கட்டங்காப்பி, பால் விடாதது, ஆவி பறக்க. முனிக்குச் சாராயம் வைத்துப் பார்த்திருக்கிறேன், கள் வைத்துப் பார்த்திருக்கிறேன், சில தோட்டங்களில் பியர்கூட வைப்பார்கள். கட்டங்காப்பியை இங்கேதான் பார்க்கிறேன். பூசாரியிடம் கேட்டேன். "எங்க தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

தலைவர் என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். அரைப் பக்கம் தட்டச்சு செய்திருந்தது. கயிலையில் வீற்றிருக்கும் ஈசனின் அம்சமான முனீஸ்வரப் பெருமான், அன்றைய வெள்ளைக்காரத் துரையின் கனவில் தோன்றி, இவ்விடத்தில் எழுந்தருளத் திருவுளம் கொண்டார் என்று அதில் இருந்தது. "இதை வச்சுக்கிட்டு விரிச்சு எழுதுங்கம்மா. காப்பி விஷயம் வேணாம். குடமுழுக்குக்கு அப்புறம் பாலும் பஞ்சாமிர்தமும்தான்" என்றார். நான் பதில் சொல்லாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, "இந்த நிலம் நம்ம பேர்ல இல்ல. கிராண்ட் கிடையாது. பெரிய சாமின்னு எழுதினாத்தானே நாளைக்கு நாலு பேரு மதிப்பாங்க?" என்றார். இந்தக் கோயிலுக்காக இருபது வருடம் அலைந்தவர். அவர் கவலை நியாயமானது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றவர்களிடம் கேட்கப் போகிறேன்.


இரண்டாம் நாள், சனி

இந்தத் தோட்டத்தில் பிறந்து இன்றைக்கு இருப்பவர்களில் மூத்தவர் ஒரு பாட்டி. எண்பத்தைந்து வயது. ரத்த உறவில்லை, ஆனால் அம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு முன்னால் வைத்தேன். உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "முனியாண்டி சாமி சக்தி வாய்ந்த தெய்வம், கேட்ட வரம் கொடுக்கும் தெய்வம்" என்று வானொலிப் பேட்டி மாதிரிப் பேச ஆரம்பித்தார். எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, நானும் ஒரு கட்டுக் கீரையை இழுத்து ஆயத் தொடங்கினேன். பாதிக் கட்டு முடிவதற்குள் கதை வந்தது.

"எங்க பாட்டி ஊர்ல இருந்து வரும்போது குலசாமி கோயில் மண்ணு ஒரு பிடி எடுத்துச் சுருக்குப்பையில முடிஞ்சுக்கிட்டு வந்துச்சாம். கப்பல் பினாங்குக்கு வந்ததும் ஜெரெஜாக் தீவுல எறக்கி, எல்லாரையும் குளிக்க வச்சு, துணிமணியெல்லாம் மருந்துல முக்கி எடுத்தாங்களாம். பையை வாங்கிடுவாங்கன்னு மண்ணை அப்படியே வாய்க்குள்ள போட்டு அடக்கிக்கிச்சாம். வெத்தலைன்னு நெனைச்சு விட்டுட்டாங்களாம். தோட்டத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் யாரோடயும் பேசலையாம். பெரட்டுல பேரு கேட்டதுக்குக்கூட வாயைத் தொறக்கலையாம். தண்டலு அறைஞ்சாராம். அப்பவும் தொறக்கலையாம். ராத்திரி அந்த மரத்துக்கு அடியில போயி துப்பிச்சாம். அங்கதான் முனி உக்காந்தாரு."

பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது, தண்டல் என்றால் மேற்பார்வைக்காரர். ஜெரெஜாக்கில் தொற்றுநோய்க் காப்பு முகாம் இருந்தது வரலாறு. தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்த கூலிகளை அங்கே தடுத்து வைத்துத்தான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் சாமியை நிறுத்துவது தமிழ்நாட்டில் இன்றைக்கும் இருக்கும் வழக்கம். ஆனால் பிடிமண்ணை வாய்க்குள் கொண்டுவந்த கதையை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. இதைச் சொல்லும்போது பாட்டியும் வாயை இறுக மூடிக் காட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கீரையைத் தொடவில்லை.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்க. பொட்டியை மட்டும் வைக்காதே" என்றார்.

சாயங்காலம் இன்னொரு வீடு. முப்பத்தைந்து வருடம் கித்தா மரத்தில் பால் வெட்டிய ஒரு பெரியம்மா. அவர் கதையில் கப்பலும் இல்லை, மண்ணும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றி விளக்கோடு போன ஒரு ஆள், தன் நிரையில் ஒரு மரத்தில் தான் கத்தி வைப்பதற்கு முன்பே பால் வடிவதைப் பார்த்தாராம். யாரும் வெட்டாத மரம். பால் பிடிக்கும் மங்கு நிறைந்து தரையில் ஓடி, ஒரு கல்லைச் சுற்றி நின்றதாம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கல்லைக் கழுவிப் பொட்டு வைத்தாராம்.

தமிழ்நாட்டுத் தல புராணங்களில் பசு யாரும் கறக்காமலே புற்றின் மேல் பால் சொரியும். தேடிப் போய் வெட்டிப் பார்த்தால் உள்ளே லிங்கம் இருக்கும். எத்தனையோ ஊர்களில் சொல்லப்படும் கதை. அந்தக் கதை கடல் தாண்டி வந்து, பசு இருந்த இடத்தில் பால்மரத்தை நிறுத்திக்கொண்டுவிட்டது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. காலை முதல் மதியம் வரை கையில் பால் நாற்றத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அந்த இடத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று பெரியம்மா மாமாவின் காரில் ஏறி வந்தார். இரண்டு செம்பனைகளுக்கு நடுவில் இருந்த வெற்று இடத்தை நோக்கிக் கையை நீட்டி, "அந்தா, அங்க" என்றார். தோட்டத்தில் கித்தா மரத்தை முப்பது வருடம் போலத்தான் வைத்திருப்பார்கள், பிறகு வெட்டி மறுநடவு செய்துவிடுவார்கள். அவர் காட்டிய மரம் விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவர் கண்ணில் அது நிற்கிறது.

ஐதிகத்துக்கும் வெறும் கதைக்கும் வித்தியாசம் இந்தக் கைநீட்டலில்தான் இருக்கிறது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று தொடங்கும் கதைக்கு யாரும் கையை நீட்டுவதில்லை.


மூன்றாம் நாள், ஞாயிறு

மாமாவின் பழைய நண்பர் ஒருவர், மலாய்க்காரர், முன்பு லோரி ஓட்டியவர், என்னை மெர்போக்குக்கு அழைத்துப் போனார். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது.

வழியில் ராஜா பெர்சியோங் கதையைச் சொன்னார். கெடாவில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை, தமிழ்ப் பிள்ளைகள் உட்பட. அரண்மனைச் சமையலாளின் விரல் அறுபட்டு ரத்தம் கீரைக் குழம்பில் விழுந்துவிடுகிறது. வேறு சமைக்க நேரமில்லை, அப்படியே கொண்டுபோய் வைக்கிறார். அரசனுக்கு அந்த ருசி பிடித்துவிடுகிறது. அன்றிலிருந்து ரத்தம் கேட்கிறான், வாயில் கோரைப் பல் முளைக்கிறது. கடைசியில் குடிகளும் மந்திரிகளும் சேர்ந்து துரத்துகிறார்கள். ஓடும்போது பல்லைப் பிடுங்கி எறிந்தான், எறிந்த இடம் பாலிங் ஆயிற்று. மலாயில் பாலிங் என்றால் எறிதல். கிழக்கே தாய்லாந்து எல்லைப் பக்கம் இன்றும் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது.

அவர் சொன்னபோது வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது: 'கொனோன்'. கொனோன், அவனுக்குப் பல் முளைத்தது. கொனோன், இங்கே எறிந்தான். கார் செமிலிங்கைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அது நம் 'ஆம்'. நேற்றுப் பாட்டி 'வந்துச்சாம்', 'துப்பிச்சாம்' என்றாரே, அதே வேலையைச் செய்யும் மலாய்ச் சொல். 'நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள், நான் உனக்குச் சொல்கிறேன்' என்பது முழுவதும் அதற்குள் இருக்கிறது. பொய் என்று அது சொல்லவில்லை. சத்தியம் என்றும் அடிக்கவில்லை. எனக்கு முன்னால் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறது.

அருங்காட்சியகத்தின் மேல்பக்கம் ஓடைக்கரையில் புக்கிட் பத்து பகாட் சண்டியின், அதாவது பழங்காலக் கோயிலின், அடித்தளம் இருக்கிறது. சிதறிக் கிடந்த கற்களைச் சேர்த்து 1960 வாக்கில் மறுபடி நிறுத்தியது. தூண் நின்ற கல்பீடங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மரத்தூண்களும் கூரையும் எப்போதோ மக்கிப் போயின. ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சிதைவுகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதியவர் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி. பெர்சியோங் கதை வரும் மெரோங் மகாவங்சா ஹிக்காயாட்டை, கெடா அரசர்களின் பழங்கதை நூலை, 1849இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே. ஒரே ஆள் கையில் கல்லும் கதையும் சேர்ந்திருந்தன. அந்த ஹிக்காயாட்டில் ஜெராய் மலை முதலில் ஒரு தீவு, கடல் பின்வாங்கியதால் நிலத்தோடு சேர்ந்தது என்று வருகிறது. இந்தப் பக்கத்துக் கடற்கரை பழங்காலத்தில் இன்னும் உள்ளே தள்ளி இருந்தது என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். அதற்காக ஹிக்காயாட்டில் பாத்திரமாக வரும் கருடனையும் வரலாறு என்று வாதாட வேண்டியதில்லை. மண் எப்படி மாறியது என்ற ஞாபகத்தைக் கருடனோடு சேர்த்துத்தான் மக்கள் சுமந்து வந்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் பலரும் இங்கே வருவது கடாரத்துக்காக. கெடாதான் கடாரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்தது. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. அந்த வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் மலாய்க்காரர்கள் பக்கம் ஒரு சோழன் இருக்கிறான், அவனைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் அரசர் கதைநூலில் ராஜா சூரன், ராஜா சூலன் என்று படிக்கு ஒரு விதமாகப் பெயர் வரும் அரசன். சோழன் என்ற பெயர்தான் அப்படித் தேய்ந்தது என்பார்கள். அவன் சீனத்தைப் பிடிக்கப் பெரும்படையோடு தெமாசெக் (பழைய சிங்கப்பூர்) வரை வந்துவிடுகிறான். சீனத்து அரசன் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்க்கும் மரங்களையும், பல்போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறான். 'நாங்கள் புறப்பட்டபோது சிறுபிள்ளைகள், இந்த மரங்களை அப்போது விதையாக ஊன்றினோம், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன' என்கிறார்கள் கிழவர்கள். சீனம் அவ்வளவு தூரமா என்று அரசன் திரும்பிவிடுகிறான். அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கி, அங்கே ஒரு இளவரசியை மணக்கிறான். அவன் பிள்ளைகளின் வழியில்தான் மலாக்கா அரசர்கள் வந்தார்கள்.

கல்வெட்டில் வென்றவன், கதையில் ஏமாந்து திரும்பி, பிறகு மூதாதையாகிவிட்டான். எது சரி என்று சண்டை போட இதில் ஒன்றுமில்லை. வென்றவன் தன் பெருமையைக் கல்லில் வெட்டினான், அதில் 'ஆம்' கிடையாது. இங்கே இருந்தவர்கள் அந்த வெளியூர்ப் படையைத் தங்கள் குடும்ப மரத்தில் ஒரு கிளையாக ஒட்டவைத்து, பயத்தை உறவாக மாற்றிக்கொண்டார்கள். எனக்கு இரண்டாவது காரியம்தான் கஷ்டமானது என்று தோன்றுகிறது.

திரும்பும்போது நண்பர் ஒரு திசையைக் காட்டி, அந்தப் பக்கம்தான் 11ஆம் எண் சண்டி இருந்தது என்றார். வீட்டு மேம்பாட்டுக்காக நிலத்தைச் சீர்செய்தபோது அதை இடித்துவிட்டார்கள். 2013இல் செய்தி வெளிவந்தபோது நாடு முழுக்கப் பேசினார்கள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.


நான்காம் நாள், திங்கள்

காலையிலிருந்து மழை. எங்கேயும் போகவில்லை.

சனிக்கிழமை எழுதியதில் ஒரு திருத்தம். பாட்டியின் பேச்சைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துப் போட்டபோது கடைசி வாக்கியத்தில் 'உக்காந்தாரு' என்று எழுதிவிட்டேன். இன்று குறிப்பைப் பார்த்தால் 'உக்காந்தாராம்' என்றுதான் இருக்கிறது. கதையின் உச்சத்தில் கை தானாக 'ஆம்' என்பதை விட்டுவிட்டது. முதலில் போட்டதை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். எழுத்தில் எவ்வளவு சுலபமாக இது நடக்கிறது என்று தெரியட்டும்.

தலைவர் கேட்ட மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுந்தருளினார், திருவுளம் கொண்டார், அருள்பாலித்தார். சொற்கள் நன்றாக ஓடின. பாதியில் நிறுத்திவிட்டேன். பாட்டியின் பாட்டிக்கு அதில் இடமே இல்லை. வாயில் மண்ணோடு அறை வாங்கிய பெண்ணை எந்த வாக்கியத்தில் வைத்தாலும் அந்த நடை அவளை வெளியே தள்ளியது.

மதுரை வீரனுக்கும் இதுதான் நடந்தது. பல தோட்டங்களில் முனிக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர். கதைப்பாடலில் அவர் காசி ராஜாவின் பிள்ளை, சகுனம் சரியில்லை என்று காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர். அந்தக் காசிப் பிறப்பு பின்னால் சேர்ந்தது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தாழ்த்தப்பட்ட வீட்டு மகன் பாளையக்காரர் மகள் பொம்மியை மணந்தான் என்பதைத் தாங்க முடியாதவர்கள் அவனுக்கு ஒரு ராஜ ரத்தத்தைக் கொடுத்தார்கள். சாமியைப் பெரிதாக்குவதாக நினைத்து, அவனைப் பெற்றிருக்கக்கூடிய தாயை இல்லாமல் செய்துவிட்டார்கள். நம் முனியைக் கயிலைக்கு அனுப்பினாலும் அதே காரியம்தான் நடக்கும்.

தொல்காப்பியத்தில் தொன்மைக்குச் சொன்ன இலக்கணம் "உரையொடு புணர்ந்த பழமை மேற்றே". உரையாசிரியர்கள் அதற்குச் சொல்லும் பொருள் வேறு. நான் இன்று அந்த 'உரை'யைப் பேச்சு என்றே படித்துக்கொண்டேன், பேசுகிற வாயோடு சேர்ந்த பழமை என்று.


ஐந்தாம் நாள், செவ்வாய்

காப்பிக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே தினமும் காலையில் தே தாரேக் குடிக்க வரும் ஒரு பெரியவர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், எழுபத்தைந்து வயதுக்காரர். மாமா அறிமுகம் செய்தார். "முனி ஏன் காப்பி குடிக்கிறார்னு யாருக்கும் தெரியலையா?" என்று அவருக்கு வருத்தம். ரொட்டி சானாயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

போர் முடிந்த கையோடு, 1946, 47 வாக்கில், கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. பீடோங் வட்டாரம் அதற்கு முக்கியமான இடம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருக்கும். ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்ச் செத்தவர்கள் போக, பிழைத்துத் திரும்பியவர்கள் உடம்பு தேறாமல் கிடந்தார்கள். வீட்டில் அரிசி இல்லை, கள்ளுக்கடையில் கூட்டம். தொண்டர்கள் கடைகளுக்கு முன்னால் நின்று மறித்தார்கள், குடித்துவிட்டு வந்தவர்களைப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள். 1947இல் இங்கே அது போலீசோடு மோதும் அளவுக்குப் போனது. இதெல்லாம் வரலாற்று நூல்களில் இருக்கிறது.

நூல்களில் இல்லாததைப் பெரியவர் சொன்னார். சனங்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் முனிக்குக் கள் வைத்துத்தானே ஆக வேண்டும்? சாமிக்கு என்று வாங்கும் கள் சாமியோடு நிற்குமா? அதைச் சாக்காக வைத்துக் கடை திறந்தே இருந்தது. அப்போது பூசாரியாக இருந்தவரின் கனவில் முனி வந்தாராம். "பிள்ளைங்க பாலுக்கு அழுவுது, எனக்கு எதுக்குடா கள்ளு? நீ காலையில என்ன குடிக்கிறியோ அதைக் குடு" என்றாராம். மறுநாள் பூசைக்கு எல்லாரும் வந்து நிற்கும்போது பூசாரி கள்ளுப் பானையைத் தூக்கி மரத்தில் அடித்து உடைத்தாராம். வீட்டில் பால் இல்லை, சர்க்கரை இல்லை. கட்டங்காப்பியைக் கொண்டு வந்து வைத்தாராம்.

கேட்டு முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு போராட்டம் தன் சாமியையும் கூடச் சேர்த்துக்கொண்ட கதை இது. அந்த டம்ளரைத்தான் பஞ்சாமிர்தம் வைத்து மாற்றப் போகிறோம் என்கிறோம்.

மதியமே தலைவரைப் பார்க்கப் போனேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், நான் கேட்காமலே, புல்டோசர் கதையைச் சொன்னார். கித்தாவை அழித்துச் செம்பனை போட்ட சமயம், கோயிலையும் சேர்த்துத் தள்ளச் சொல்லி நிர்வாகத்திலிருந்து உத்தரவு. இந்தக் கதையைக் குறைந்தது பத்துத் தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் எஞ்சின் நின்றுபோகும். ஓட்டுநர் ரத்தம் கக்குவார், அல்லது சங்கிலி அறுந்து போகும். பழைய கதைகளில் தேர் நகராமல் நிற்குமே, அதே இடம். அதனால் எனக்குத் தெரிந்த கதைதான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் பேச்சில் 'ஆம்' இல்லை.

"நான் அங்க நின்னேன்மா. இருபது வயசு. ஓட்டிக்கிட்டு வந்தவன் எங்க லயத்துப் பையன். மரத்துக்குப் பத்தடி முன்னால வண்டி நின்னுச்சு. எறங்கி வந்து மரத்தடியில உக்காந்துட்டான்."

"எஞ்சின் தானா நின்னுச்சா, அவர் நிறுத்தினாரா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 'உனக்கு யார் சொன்னார்கள்' என்று மட்டும்தான் கேட்க வேண்டும், 'நிஜமா' என்று கேட்கக் கூடாது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆனால் வாயில் வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றார். "அவனுக்கு வேலை போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னேன்: "ஐயா, நீங்க கொடுத்த தாள்ல துரை கனவு கண்டார்னு இருக்கு. அவர் சரின்னு சொன்னாத்தான் கோயில்ங்கிற காலத்துல அந்தக் கனவு தேவைப்பட்டிருக்கு. அதையும் எழுதறேன். ஆனா அதுக்கு முன்னால அந்தம்மா வாயில மண்ணு கொண்டு வந்ததை எழுதணும். பாலு தானா வடிஞ்சது, பானை ஒடைஞ்சது, உங்க வண்டி நின்னது, எல்லாம் வேணும். கிராண்ட் இல்லாத சனத்துக்கு இதானே கிராண்ட்டு?"

கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். கிளம்பும்போது, ஓட்டுநரின் பெயரைப் போட வேண்டாம், குடும்பம் இங்கேதான் இருக்கிறது என்றார். ஓட்டுநர் பெயரை மட்டும் இல்லை, யார் பெயரையும் போடப் போவதில்லை. யார் சொன்னது, எந்த வயதில், எங்கே உட்கார்ந்து என்பது மட்டும் இருக்கும்.

இரவு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். கதைகளை ஒன்றோடொன்று தைக்கவில்லை. மண் கதைக்குக் கீழே பால் கதை, இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டுகின்றன என்பதையும் எழுதினேன். மாமா படித்துவிட்டு, "படிக்கிறவங்க குழம்ப மாட்டாங்களா?" என்றார். குழம்ப மாட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை ஒரு விதமாகவும் சொல்லி வளர்ந்த சனம்.


ஆறாம் நாள், புதன்

மதியம் ரயில். காலையில் பாட்டி வீட்டுக்குப் போய் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அச்சுக்குப் போவதற்கு முன் சொன்னவர்கள் காதில் ஒருமுறை விழ வேண்டும் என்பதை நான் விடுவதில்லை.

பாட்டி பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். மண் கதைக்குத் தலையாட்டினார். தண்டல் அறைந்த இடத்தில், "ரெண்டு அறை" என்றார், சேர்த்துக்கொண்டேன். பால் வடிந்த கதையைக் கேட்டுவிட்டு, "அவ அப்படித்தான் சொல்லுவா, அவ மாமியார் சொன்னது அது" என்றார். அதையும் ஓரத்தில் குறித்தேன்.

அடுத்தது காப்பி. 'பூசாரி கள்ளுப் பானையைத் தூக்கி மரத்தில் அடித்து உடைத்தாராம்' என்று வாசித்தேன்.

"நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன்.

"ஒடைச்சாராம் என்ன ஒடைச்சாராம்? ஒடைச்சாரு. அது எங்கப்பா."

எனக்குப் பேச்சு வரவில்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறேன். இதை ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ முனி எப்படி வந்தாருன்னுதானே கேட்ட? கள்ளு எப்படிப் போச்சுன்னு கேக்கலையே."

அப்புறம் காலை நீட்டி, சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினார். உள்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெளுத்த தழும்பு. "ஆறு வயசு. முன்னால நின்னுக்கிட்டு இருந்தேன். ஓடு பறந்து வந்து வெட்டிருச்சு. எங்கம்மா காப்பித்தூளை வச்சுத்தான் அமுக்கிக் கட்டுச்சு."

நான் பேனாவை எடுத்து அந்த 'ஆம்' என்பதை அடித்தேன். பாட்டி எட்டிப் பார்த்து, எழுத்தில் விரலை வைத்து, "கனவுல வந்தாராம்னு இருக்கே, அது இருக்கட்டும்" என்றார். "அதை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."